யோகா கூடத்துத் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

(காலாண்டுக் கூட்டத்தில், சமுதாயக் கூடத் தரை பற்றிய தீர்மானத்துக்கு முன், தோல் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.)



சுத்தத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டார் என்று வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். "முப்பத்தோரு வருஷம் டேனரி வாசனையோட வீட்டுக்கு வந்த மனுஷன், சுத்தத்தைப் பத்திப் பேசப் போறாரா?" என்றார். நியாயமான கேள்விதான். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வேலை பார்த்தவர்கள் இங்கே இன்னும் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். பஸ்ஸில் நம் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே இருக்கும், ஞாபகம் இருக்கும். ஆனால் அந்த வேலை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது. சூடும் ஈரமும் ஒரு தோலை என்ன செய்யும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் துணிந்து நிற்கிறேன்.

இன்று உங்கள் முன் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. மார்கழிக் குளிரில் காலை வகுப்புக்கு ஆள் வருவதில்லை, அதனால் கூடத்தில் ஹீட்டர் வைத்து "ஹாட் யோகா" நடத்தலாம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அதோடு, இப்போது இருக்கும் ஃபோம் ஷீட் பழசாகிவிட்டதால் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் போட்டுவிடலாம் என்று இன்னொரு யோசனை. முதல் கோரிக்கையில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. இரண்டாவதை எதிர்த்துப் பேசத்தான் வந்தேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஹாட் யோகா என்றால் என்ன என்று பெரியவர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். சூடாக்கிய அறையில் ஆசனம் செய்வது, அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நினைக்கிறோம், வேர் கொல்கத்தாவில் இருக்கிறது. பரமஹம்ச யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷ் 1923-இல் அங்கே ஓர் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். அங்கே பயின்ற பிக்ரம் சௌத்ரி 1970-களில் அமெரிக்கா போய் இதைப் பரப்பினார். 26 ஆசனங்கள், 90 நிமிடம், அறையின் வெப்பம் 40.6 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். இதுதான் அவர் வகுத்த கணக்கு. அந்த ஆசன வரிசை தனக்கே சொந்தம் என்று வழக்குப் போட்டார். 2015-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிச் சொந்தம் கொண்டாட முடியாது என்று சொல்லிவிட்டது. அவர்மீது வேறு வகையான, மிகவும் அசிங்கமான வழக்குகளும் வந்தன. அந்தக் கதை நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டிய செய்தி வேறு. அந்தப் பாணிக் கூடங்களில் ஆரம்ப காலத்தில் தரை முழுக்கக் கார்ப்பெட்தான் விரித்திருந்தார்கள். அங்கே பயின்றவர்களைக் கேட்டால், ஆசனத்துக்கு முன்னால் அந்தக் கார்ப்பெட் வாசனையைத்தான் நினைவுகூர்வார்கள். பட்ட பிறகுதான் பலர் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ரப்பர், வினைல், கழுவக்கூடிய வேறு தரை என்று மாறினார்கள். அவர்கள் காசு செலவழித்துக் கற்ற பாடத்தை நாமும் ஒருமுறை காசு செலவழித்துக் கற்க வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட சூட்டில் ஒன்றரை மணி நேரம் உடம்பை முறுக்கினால் ஒருவருக்கு ஒரு லிட்டர் வியர்வை வடிவது சாதாரணம். இருபது பேர் என்றால் நம் வீடுகளுக்கு வரும் தண்ணீர் கேன் ஒன்று நிறைய. எல்லாம் தரைக்கு வராது. கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் துண்டோடு போகும். ஆனால் காற்றோடு போவது தண்ணீர் மட்டும்தான். உப்பும், உடம்பு எண்ணெயும், செத்த தோல் துகள்களும் இங்கேயே தங்கிவிடும். ஹீட்டர் வைத்தால்தானே இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். நம் கூடம் நாலாவது மாடியில், மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. சித்திரை, வைகாசியில் திருப்பத்தூர் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதா? பகல் முழுக்கக் காய்ந்த காங்கிரீட் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். கொசு வருகிறது என்று ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். ஹீட்டருக்குக் காசு கொடுக்காமலே நாம் மூன்று வருஷமாக ஹாட் யோகாதான் செய்துகொண்டிருக்கிறோம்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். பச்சைத் தோல், அதாவது ஆட்டிலிருந்தோ மாட்டிலிருந்தோ உரித்த தோல், நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். முதலில் லேசான நாற்றம். பிறகு முடி தானாகக் கழன்று வரும். அதற்குப் பிறகு அந்தத் தோலை எந்தக் கெமிக்கலாலும் காப்பாற்ற முடியாது. அதனால்தான் உரித்த கையோடு உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். நூறு கிலோ தோலுக்கு நாற்பது ஐம்பது கிலோ உப்பு. உப்பு கிருமியை நேரே கொல்வதைவிட, தோலில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுப்பதுதான் முக்கியமான வேலை. தண்ணீர் இல்லையென்றால் கிருமிக்குப் பிழைப்பு இல்லை.

பதனிட்ட பிறகும் கதை முடியாது. குரோம் ஏற்றிய நீலத்தோலை, வெட் ப்ளூ என்போம், ஈரத்தோடு அடுக்கி வைத்தால் ஐப்பசி மழையில் அதன்மேல் பூஞ்சை கிளம்பும். ஷூவாகித் தைத்து, பெட்டியில் போட்டு, கப்பலில் ஏற்றின பிறகும் கன்டெய்னருக்குள் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்த சரக்கைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பயந்து உலகம் முழுக்கப் பல இடங்களில் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பூஞ்சைக் கொல்லியைச் சின்னப் பொட்டலமாகப் பெட்டிக்குள் போட்டார்கள். ஐரோப்பாவில் அந்தச் சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகும் தொடையும், அந்தச் செருப்பைப் போட்டவர்களுக்குக் காலும் வெந்து புண்ணாயின. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. ஆம்பூரில் ஏற்றுமதி செய்தவர்களுக்கு அந்த வருஷத்து டெஸ்ட் ரிப்போர்ட் பரபரப்பு மறந்திருக்காது. செத்த தோலைக் காப்பாற்ற வைத்த மருந்து, உயிருள்ள தோலைப் பொசுக்கிவிட்டது. அதிலிருந்து எங்கள் ஃபேக்டரியில் மருந்தைவிட ஈரமானியைத்தான் அதிகம் நம்பினோம். கிடங்கில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, காற்று ஓடுகிறதா, தரையிலிருந்து சரக்கு எழும்பி இருக்கிறதா, இவ்வளவுதான் பார்ப்போம்.

இதைக் கற்றவன் நம் கூடத்தில் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஃபோம் ஷீட்களை, பிள்ளைகள் புதிர் விளையாடுவதுபோல ஒன்றோடொன்று கோத்துப் போடுவோமே, அவற்றை வாங்கலாம் என்று கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் நானும் ஒருவன். மெத்தென்று இருந்தது, முட்டி வலிக்காது, விலையும் பரவாயில்லை. அவ்வளவுதான் யோசித்தேன்.

போன ஐப்பசியில் நாலு நாள் தொடர்ந்து மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை வகுப்புக்கு மேலே போனேன். கதவைத் திறந்ததும் மூக்கில் ஒரு வாசனை. மற்றவர்களுக்கு அது "மழை வாசனை". எனக்கு அது முப்பத்தோரு வருஷப் பழக்கம். கிழக்குச் சுவர் ஓரத்தில் ஒரு ஷீட்டின் பல்லைப் பிடித்துத் தூக்கினேன். அடியில் தண்ணீர். தண்ணீர் என்றால் ஓடுகிற தண்ணீர் இல்லை. கொழகொழவென்று, சாம்பல் நிறத்தில், தலைமுடியும் தூசியும் கலந்து, டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்து. ஷீட்டின் அடிப்பக்கம் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. மேல்பக்கம் மட்டும் பளிச்சென்று சந்தன மணம் வீசிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் சந்தன வாசனை ஃப்ளோர் கிளீனர் போட்டு மாப் அடித்திருந்தார்கள். அரசுச் சந்தன மரக் கிடங்கு இருக்கிற ஊர் இது. நிஜச் சந்தனத்துக்கே பேர் போன ஊரில் பாட்டில் சந்தனத்தை நம்பி ஏமாந்தோம்.

கூடத்தைத் துடைக்கும் அம்மா அப்போது வாளியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன் சார். அடியில தண்ணி நிக்குது, வாரத்துக்கு ஒருவாட்டி எல்லாத்தையும் தூக்கித் தொடைச்சுக் காய வெக்கணும்னு. தூக்குனா பல்லு கிழியுது, தூக்காத, மேலால தொடைன்னுட்டாங்க."

"யாரு சொன்னது?"

"யாரோ... கமிட்டில."

யார் என்று மேலே நான் கேட்கவில்லை. நானாகவே இருந்திருக்கலாம், எனக்கு நினைவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, வெடித்துச் சேற்றுப்புண். நாம் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டுப் போகிற ஈரத்தில் அவர் தினமும் கையை விட்டுக்கொண்டிருந்தார். கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறோமா என்று அன்றைக்குத்தான் கணக்கு நோட்டைப் புரட்டினேன். மூன்று வருஷத்தில் ஒரு ஜோடிகூட இல்லை. ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறோம்.

அடுத்து, கொஞ்சம் வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டிய விஷயம். படர்தாமரை. இடுப்பிலும் தொடையிலும் வட்ட வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, ராத்திரியில் தூங்க விடாமல் அரிக்குமே, அதுதான். நம் பிளாக்குகளில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. கை தூக்க மாட்டீர்கள். என் வீட்டில் இருந்தது. முதலில் எனக்கு வந்தது. டாக்டரிடம் போகச் சோம்பல். மருந்துக்கடை ஒன்றில் ஒரு டியூப் வாங்கித் தடவினேன். மூன்றே நாளில் அரிப்பு மாயமாகிவிட்டது. பெரிய ஆள்போல அதே டியூபை என் பேத்திக்கும் தடவச் சொன்னேன். ஒரு மாதத்தில் இரண்டு பேருக்கும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. குழந்தைக்குத் தொடையில் தோல் மெலிந்து கோடு கோடாக விழுந்துவிட்டது. தோல் மருத்துவர் அந்த டியூபைத் திருப்பிப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், ஆனால் பூஞ்சைக்குச் சோறு போட்டு வளர்க்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் இப்படிப்பட்ட 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. எனக்கு அது தெரியாது. தோல் டெக்னீஷியன் என்று பெயர்.

இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷமாக நாடு முழுக்கப் படர்தாமரை அடங்காமல் பரவுகிறது. வழக்கமான மாத்திரைக்கு மசியாத ஒரு பூஞ்சை இனத்தை ஜப்பான் ஆய்வாளர்கள் 2020-இல் தனியாக அடையாளம் கண்டார்கள். அதற்கு வைத்த பெயர் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பெயரிலேயே நம் நாடு இருக்கிறது, பெருமைப்பட ஒன்றும் இல்லை. நியூயார்க் வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டதாக 2023-இல் செய்தி வந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் தரைமேல் போட முடியாது. படர்தாமரை பெரும்பாலும் உடம்போடு உடம்பு உரசியும், ஒரே துண்டு, ஒரே படுக்கை, சேர்த்து ஊறவைத்த துணி இவற்றாலும்தான் பரவுகிறது. கூடத்துத் தரையால்தான் எனக்கு வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உதிர்ந்த தோல் துகளுக்குள் அந்தப் பூஞ்சையின் வித்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சேற்றுப்புண், உள்ளங்கால் மரு இவையெல்லாம் ஈரமான பொதுத் தரையில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குச் சுலபமாக வரும். யோகா என்றால் வெறுங்கால்தான். கால் மட்டுமா, சவாசனத்தில் முதுகு, கழுத்து, கன்னம் எல்லாம் தரையோடு.

சரி, எந்தத் தரை? இதற்காக நான் கொஞ்சம் அலைந்தேன்.

கார்ப்பெட் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அதற்குள் போன வியர்வை திரும்பி வெளியே வராது. வேக்யூம் போடலாம் என்கிறீர்கள். வேக்யூம் தூசியை எடுக்கும், உப்பையும் எண்ணெயையும் எடுக்காது. ஷாம்பூ போட்டால் காய இரண்டு நாள் ஆகும், ஐப்பசியில் நாலு நாள். லேமினேட் மரத்தரை பார்க்க அழகு. ஆனால் இடுக்கில் ஈரம் இறங்கினால் ஓரம் உப்பிக்கொள்ளும். தக்கைத் தரை நல்லது என்கிறார்கள், நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. ஒருவர், "நம்ம ஊர் பேரு விளங்க லெதர்லயே போட்டா என்ன?" என்று விளையாட்டாகக் கேட்டார். வியர்வை குடித்த லெதரில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஷூ தைத்தவர்களைக் கேளுங்கள்.

பழைய ரெட் ஆக்சைடு தரை ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பாட்டி வீட்டில் இருந்தது. இடுக்கே கிடையாது. தண்ணீர் ஊற்றித் தள்ளினால் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். இன்று அதைப் போடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், நாலாவது மாடியில் போட்டால் விரிசல் பயமும் உண்டு. ஆனால் நாம் தேடுவது அதே குணங்களைத்தான்: இடுக்கு இல்லாதது, உறிஞ்சாதது, சீக்கிரம் காய்வது.

அப்படிப் பார்த்தால் என் ஓட்டு, ஆஸ்பத்திரிகளில் போடுவார்களே, அந்த ஒரே விரிப்பான வினைல் ஷீட்டுக்கு. இரண்டு ஷீட் சேரும் இடத்தைச் சூடேற்றி ஒட்டவைத்துவிடுவார்கள். சுவர் ஓரத்தில் அப்படியே வளைத்து நாலு அங்குலம் மேலே ஏற்றிவிடுவார்கள், மூலை என்பதே இருக்காது. வழவழப்பானது வேண்டாம், சொரசொரப்பு கொஞ்சம் இருக்கட்டும். வியர்வைக் காலோடு வழுக்கி விழுந்தால் நம்மில் பாதிப் பேருக்கு இடுப்பு எலும்பு போய்விடும். நிறம் வெளிறியதாக, ஒரே நிறமாக இருக்கட்டும். அழுக்கு தெரியாத நிறம் என்று கடைக்காரர் சொன்னால் அதை வாங்காதீர்கள், அழுக்கு தெரிவதுதான் நமக்கு வேண்டும்.

ஆனால் போடுவதற்கு முன் ஒரு சோதனை. கிழக்குச் சுவரில் குழாய்க் கசிவு இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை, டைல்ஸை எடுத்த வெறும் தளத்தில் வைத்து, நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். பிரிக்கும்போது அடியில் நீர் முத்து இருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ ஈரம் உள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் வினைல் போட்டால், ஃபோம் ஷீட் கதையே இன்னும் அதிகச் செலவில் நடக்கும். இப்போதைக்குப் பணம் இல்லை என்றால், ஒன்றுமே போடாமல், இருக்கிற டைல்ஸைச் சுரண்டிக் கழுவி, இடுக்குகளுக்குப் புதிதாக எபாக்சி கிரவுட் போட்டாலே போதும். மெத்தென்று வேண்டியவர்கள் அவரவர் மேட் கொண்டு வரட்டும். மேட்டுக்கு அடியில் நம் வீட்டு ஜமுக்காளத்தை விரிக்கலாம், ஆனால் அது கையோடு வீட்டுக்குப் போக வேண்டும், வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காய வேண்டும். மூலையில் சுருட்டி வைத்த பொது மேட்கள் பதினொன்று இருக்கின்றன. அவை யாருடையவை என்று யாருக்கும் தெரியாது. யார் கழுவுகிறார்கள் என்று கேட்டால் சிரிக்கிறோம்.

சுத்தம் செய்யும் முறை பற்றி அதிகம் இழுக்க மாட்டேன். முதலில் சோப்புத் தண்ணீர். அழுக்கின்மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் அழுக்கு அந்த மருந்தைத் தின்றுவிடும். பிறகு, 5 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று பாட்டிலில் போட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அதாவது பத்து லிட்டர் வாளிக்கு 200 மில்லி. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றுக் கலந்தது உதவாது. துடைத்துப் பத்து நிமிஷம் அப்படியே விட்டு, நல்ல தண்ணீரில் துடைத்து, ஜன்னலைத் திறந்து, நாலு ஃபேனையும் போட்டுவிட வேண்டும். தரை காயும் வரை கதவைப் பூட்டக் கூடாது. கரண்ட் பில்லைப் பார்த்து ஃபேனை நிறுத்துகிறவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஒரு மூடிப் பினாயிலை ஒரு வாளியில் ஊற்றினால் வாசனை வரும், அதற்குமேல் அது என்ன செய்யும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

பளிச்சென்று ஆகட்டும் என்று ப்ளீச்சிங்கோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். நம் பகுதியில் டேனரித் தொட்டிக்குள் இறங்கி விஷவாயு தாக்கிச் செத்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாத வீடு இல்லை. சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த கழிவில் ஆசிட் சேர்ந்தால் வருகிற வாயு அது. இது வேறு வாயு, ஆனால் மூடிய அறையில் ஆளைச் சாய்ப்பதில் குறைந்ததில்லை. வாளியைத் தூக்குவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

பாலாற்றைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். கேட்க வேண்டியதுதான். தோலைக் காப்பாற்றிய அத்தனை உப்பும் கடைசியில் கழுவி விடப்பட்டது அங்கேதான், நானும் கழுவி விட்டவன்தான். நம்மைப்போலச் சாதாரணக் குடிமக்கள் சேர்ந்த வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசு செய்தவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு, நம் ஊர்த் தண்ணீருக்காக வந்தது. அந்தச் சட்டத்தை நாலாவது மாடிக்குக் கொண்டு போகலாம் என்பது என் யோசனை. யாருடைய வியர்வையோ அவரே துடைக்கட்டும். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் மேட் கிடந்த இடத்தைத் தன் துணியால் துடைத்துவிட்டுப் போகட்டும். கோயிலுக்குப் போனாலும் பள்ளிவாசலுக்குப் போனாலும் காலைக் கழுவிவிட்டுத்தான் நுழைகிறோம். கூடத்து வாசலில் ஒரு குழாய் வைக்க நமக்கு ஏன் மூன்று வருஷம் தோன்றவில்லை? உடம்பில் படர்தாமரையோ சேற்றுப்புண்ணோ இருப்பவர்கள், டாக்டர் சரி என்று சொல்லும் வரை வீட்டிலேயே செய்யட்டும். அது அவமானம் இல்லை, அவர்களை யாரும் விசாரிக்கவும் வேண்டாம்.

ஹீட்டர் விஷயத்தில் ஒரு வார்த்தை. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அந்த வகுப்புக்கு வராதீர்கள். மற்றவர்கள் செய்யுங்கள். ஆனால் தரை சரியாகி, சுவரில் சில நூறு ரூபாய்க்கு ஓர் ஈரமானி மாட்டிய பிறகு. வகுப்பு முடிந்து ஒரு மணி நேரத்தில் அந்த முள் 65-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மறுநாள் வகுப்பு வேண்டாம்.

கேள்வி நேரத்தில் கேட்ட இரண்டை மட்டும் இங்கே சேர்க்கிறேன்.

தினமும் இவ்வளவு வேலையை அந்த அம்மா ஒருவரே எப்படிச் செய்வார் என்று பி பிளாக்கிலிருந்து கேட்டார்கள். செய்ய முடியாது. அதனால்தான் கூடத்துக்குத் தனியாக ஒரு மணி நேரக் கூலி, மாதம் இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, அவருடைய கைக்கு மருத்துவச் செலவு, மூன்றையும் தரைத் தீர்மானத்தோடு சேர்த்தே வாசிக்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மூன்றும் நிறைவேறவில்லை என்றால் தரைக்கு ஆதரவாக நானே கை தூக்க மாட்டேன்.

இன்னொருவர், கழற்றப் போகும் 150 ஃபோம் ஷீட்டைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேலே வாருங்கள், பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள். முதல் ஷீட்டை நான் தூக்குகிறேன். அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.